டீனேஜ் புள்ளைங்களோட ஊட்டி

கேள்வி: பொண்ணு பத்தாவது முடிச்சிருக்கா, பையன் எட்டாவது. மே லீவுக்கு ஊட்டி போலாம்னா "நாங்க வரல, நீங்க போயிட்டு வாங்க"ங்கறாங்க. என்ன பண்றது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வற்புறுத்தாதீங்கம்மா, பிளானையே அவங்ககிட்ட குடுத்துடுங்க. கார்ல போனா இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாசத்துலேர்ந்து இருக்கு, அதை பொண்ணே ஆன்லைன்ல எடுக்கட்டும். ஆனா என்னைக் கேட்டா மேட்டுப்பாளையத்துலேர்ந்து மலை ரயில் ஏறுங்க, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், இப்பவே பாருங்க. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்புப் பட்டை வரும், இன்ஜினோட பல்சக்கரம் அதைக் கடிச்சுப் பிடிச்சுதான் மேல ஏறும், அதுவும் பின்னாடி நின்னு பெட்டிங்களைத் தள்ளிக்கிட்டே போகும், பையன் போனைக் கீழ வச்சுட்டு கண்டிப்பா எட்டிப் பாப்பான். 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த ரயில் அது!

அப்புறம் ஒரே நாள்ல ஏழெட்டு இடம்னு இழுத்துட்டு ஓடாதீங்க, ரெண்டு போதும், காலைல நல்லா தூங்கட்டும், இந்த வயசுக்கு அந்தத் தூக்கம் நிஜமாவே தேவை. பொண்ணோட பீரியட்ஸ் தேதியையும் அவகிட்டயே கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க.