நதிகளுக்கு நிதி வழங்கும் வேலை: ஓரிகனுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டுப் போர்ட்லண்டில் வேலை தேடிக்கொண்டிருப்பதாகவும், நதிகளின் வாழிடங்களை மீட்கும் பணிகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளை ஒன்றில் திட்ட அலுவலராகச் சேர விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வேலை உண்மையில் எப்படிப்பட்டது, வெளிநாட்டிலிருந்து வந்த நம்மை அங்கே ஏற்றுக்கொள்வார்களா, நேராக அறக்கட்டளைக்கே விண்ணப்பிக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நான் வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் துறையிலேயே நிதி கொடுக்கும் பக்கத்திலும் கேட்கும் பக்கத்திலும் இருந்து பார்த்திருக்கிறேன் என்பதால், அறிந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்ளேதான் இருக்கிறது. நேராகப் போகாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாவது நிதி கேட்கும் பக்கத்தில், அதாவது ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி மன்றத்திலோ (ஓர் ஓடைக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பைப் பேணும் உள்ளூர் அமைப்பு) மண்வளப் பாதுகாப்பு மாவட்டத்திலோ ஒரு பழங்குடி அரசின் மீன்வளத் துறையிலோ, சேற்றில் கால் வைத்து வேலை செய்துவிட்டுப் பிறகு போங்கள். நான் அப்படிச் செய்யாமல் நேராக உள்ளே நுழைந்தவன், அதன் விலையை வேறொருவர் கொடுக்க நேர்ந்தது.

நான் பரிந்துரைத்த முதல் நல்கைகளில், அதாவது திருப்பித்தர வேண்டாத நிதியுதவிகளில், ஒன்று, சால்மன் மீன்கள் முட்டையிடும் ஒரு சிற்றோடையின் கரையில் மரம் நடும் திட்டத்துக்கானது. கேட்ட தொகையில் ஏறக்குறைய பாதி, நட்டபின் ஐந்து ஆண்டுகள் களை வெட்டுவதற்கும் பட்டுப்போன கன்றுகளுக்குப் பதில் புதியவை வைப்பதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அறங்காவலர் குழுவின் பார்வைக்குக் கன்றுகளின் எண்ணிக்கை பெரிதாக இருக்கவேண்டும் என்று எண்ணி, பராமரிப்புத் தொகையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டும்படி நான் யோசனை சொன்னேன். நிதி கேட்டிருந்த அமைப்பை நடத்திய பெண்மணி மறுக்காமல் ஒப்புக்கொண்டார். மூன்றாம் கோடையில் பார்வையிடப் போனபோது, கன்றுகளை எலி கடிக்காமல் காக்க மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாய்களை, என் தலைக்கு மேல் வளர்ந்திருந்த ரீட் கேனரிப் புல்லுக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு குழாயை உருவிக் காட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த குச்சி இருந்தது. அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும் அதுவேதான். பிறகு அவர் ஓடைக்குள் இறங்கி, கையை விட்டுச் சரளைக்கற்களைப் புரட்டினார். தண்ணீருக்குள் புகை எழுவதுபோல வண்டல் எழுந்தது. பிடித்து வைக்க வேர்கள் இல்லாததால் கரை மண் கரைந்து கற்களின் இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது என்றும், அங்கே இடப்படும் முட்டைகளுக்கு மூச்சு கிடைக்காது என்றும் விளக்கினார். இப்படி ஆகும் என்று அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கள் ஊழியர் இருவருடைய சம்பளம் உங்கள் பணத்தில் வந்துகொண்டிருந்தது" என்றார்.

அதற்கடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி மன்றத்தில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் விண்ணப்பங்கள் எழுதினேன், வேலியும் போட்டேன். இப்போது மீண்டும் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி இதுவரை எவரையும் மறுபடி கேட்டதில்லை.

இனி முதல் கேள்வி. இந்நாட்டில் தனியார் அறக்கட்டளைகள், 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் வேர்கொண்ட விதிப்படி, தம் முதலீட்டுச் சொத்து மதிப்பில் சுமார் 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும், எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது உட்பட, 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகிறது. நேர்காணலுக்குப் போகுமுன் அந்த அறக்கட்டளையின் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களைப் படித்துவிடுங்கள். அவர்கள் தம்மைப் பற்றி எழுதிக்கொள்வதைவிட, பணம் எங்கே போயிற்று என்பது அவர்களை நன்றாகக் காட்டும்.

அறக்கட்டளைப் பணம் பெரிதென்று எண்ணிவிடாதீர்கள். இங்கே நதி மீட்புக்குப் பெரும் பணம் பொதுக் கருவூலத்திலிருந்துதான் வருகிறது. வாஷிங்டனில் 1999இல் உருவான சால்மன் மீட்பு நிதி வாரியம் இருக்கிறது. ஓரிகனில் 1998இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தபடி லாட்டரி வருவாயின் ஒரு பகுதி நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்குப் போகிறது. ஆனால் அரசுப் பணம் எளிதில் போகாத இடுக்குகள் பல உண்டு. நிலவுடைமையாளர் ஒருவர் தம் மேய்ச்சல் நிலத்தில் பத்து மீட்டர் அகலத்தை ஓடைக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும்வரை அவரோடு இரண்டு ஆண்டுகள் பேசிக்கொண்டிருக்கும் ஊழியருக்கு யார் சம்பளம் கொடுப்பது? நீர்நிலைகளில் வேலை செய்ய அனுமதி தரும் இராணுவப் பொறியாளர் படையிடம் அதை வாங்குவதற்கான வரைபடங்களுக்கும், வேலை முடிந்து ஏழாம் ஆண்டில் மீன்கள் வந்தனவா என்று எண்ணுவதற்கும், அரசு நல்கை பெற நம் பங்காகக் காட்டவேண்டிய இணைத்தொகைக்கும் எவர் தருவார்? நல்ல திட்ட அலுவலரின் வேலை இந்த இடுக்குகளைக் கண்டுபிடிப்பதுதான். மரம் நடும் படத்தில் இவை எதுவும் தெரியாது, ஆகவே அறங்காவலர்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்வதுதான் வேலையின் கடினமான பாதி.

காலக்கணக்கு இன்னொரு சிக்கல். நல்கைகள் பெரும்பாலும் ஓராண்டுக்கோ மூன்றாண்டுகளுக்கோ தரப்படுகின்றன, நதியோ அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா நதியில் 1913இலும் 1927இலும் எழுந்த இரண்டு அணைகளும், மீன்கள் மேலேறுவதற்கு வழியே விடாமல் கட்டப்பட்டவை. அந்நதியை மீட்பதற்கான சட்டம் 1992இல் நிறைவேறியது, இடிப்பு 2011இல் தொடங்கி 2014இல் முடிந்தது, கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் தம் நதியில் மறுபடி கோஹோ சால்மன் பிடித்தது 2023இல். சட்டத்திலிருந்து மீன் வரை 31 ஆண்டுகள்! ஓரிகனிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பாயும் கிளாமத் நதியிலும் நான்கு அணைகள் அகற்றப்பட்டு, 2024இல் கடைசி அணை போன சில வாரங்களிலேயே சால்மன்கள் ஓரிகன் எல்லைக்குள் ஏறிவந்தன. அச்செய்தியைக் கேட்ட அன்று எங்கள் அலுவலகத்தில் சிலர் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அந்தச் சில வாரங்களுக்குப் பின்னால் பழங்குடியினரின் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட போராட்டம் இருக்கிறது. மூன்றாண்டு அறிக்கையில் அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அறிவியலும் நம்மைத் திருத்திக்கொண்டே இருக்கும். 1950கள் முதல் 1970கள் வரை, மீன்களுக்குத் தடை என்று நம்பி, ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்களை அரசே செலவு செய்து அகற்றியது. மீன்குஞ்சுகள் ஒதுங்கும் ஆழமான மடுக்கள் அந்த மரங்களால்தான் உண்டாகின்றன என்று பின்னர் தெரிந்தது. இன்று நாங்கள் அதே ஓடைகளில் மரங்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதற்குப் பணம் கொடுக்கிறோம், சில இடங்களில் ஹெலிகாப்டரில். சியாட்டில் பகுதி ஓடைகளைச் சீரமைத்து, கோஹோ மீன்கள் திரும்பி வந்து, முட்டையிடும் முன்பே செத்து மிதந்தபோது பல ஆண்டுகளாகக் காரணம் புரியவில்லை. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருளிலிருந்து உருவாகும் நஞ்சு மழைநீரோடு ஓடையில் கலப்பதே காரணம் என்று 2020இல்தான் கண்டறிந்தார்கள்.

பழங்குடி அரசுகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அவர்களை உதவி பெறும் ஒரு சமூகக் குழுவாக எண்ணிக்கொண்டு எதிரே உட்காராதீர்கள். அவை அரசுகள், அவற்றில் பல 1850களில் அமெரிக்க அரசோடு செய்த உடன்படிக்கைகளால் மீன்பிடி உரிமையைத் தக்கவைத்துக்கொண்டவை. வாஷிங்டனில் பிடிக்கத்தக்க மீன்களில் பாதி வரை உடன்படிக்கைப் பழங்குடியினருக்குரியது என்று 1974இல் கூட்டாட்சி நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். சாலைக்கு அடியில் மீன்களை மறிக்கும் குழாய்களை வாஷிங்டன் மாநிலம் மாற்றித்தரவேண்டும் என்ற தீர்ப்பும் 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. அந்த அறையில் நதியைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் அவர்களே. நாம் கேட்பதற்குப் போகிறோம்.

நம்மை ஏற்றுக்கொள்வார்களா என்றால், ஏற்றுக்கொள்வார்கள். என் உச்சரிப்பைக் குறைசொல்லி எவரும் என்னை ஒதுக்கியதில்லை. நான் எதிர்பார்க்காதது வேறு. பையில் பணத்தோடு போகிறவனிடம் எல்லோரும் இனிமையாகவே பேசுகிறார்கள். பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல் வளர்ந்த நமக்கு, அந்த இனிமையை உண்மையான சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. ஆகவே ஒவ்வொரு களப் பயணத்திலும், சென்ற ஆண்டு எது சரியாக நடக்கவில்லை என்று நானே முதலில் கேட்கிறேன். அந்தப் பதிலால் அடுத்த ஆண்டின் தொகை குறையாது என்று கடிதத்திலும் எழுதிக்கொடுக்கிறேன். வாய்மொழிக்கு அவர்கள் நம்பிக்கை வைப்பதில்லை, கடிதத்துக்கு வைக்கிறார்கள்.

விசா பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த அமைப்புகளுக்கும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் எச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டு எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்கு உண்டு. நிதி மட்டும் வழங்கும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியை 24 மாதங்கள் நீட்டிக்க, வேலை தரும் அமைப்பு, ஊழியரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்ற அரசு இணைய முறையில் பதிந்திருக்கவேண்டும். சிறு மன்றங்களில் சேருமுன் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள், விதிகள் மாறுவதால் ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள்.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. போர்ட்லண்டைச் சுற்றியுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி மன்றங்கள் குளிர்கால மழையில் கன்று நடுவதற்கும், இலையுதிர்காலத்தில் ஓடையோரம் நடந்து சால்மன்களை எண்ணுவதற்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. நடும் நாளுக்கு எல்லோரும் வருவார்கள். நீங்கள் ஜூன் மாதத்தில், புல் வெட்டும் நாளுக்குப் போங்கள். அன்று நாலைந்து பேர்தான் இருப்பார்கள், மன்றத்தை நடத்துபவரே அரிவாளோடு உங்கள் பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருப்பார், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல அவருக்கு நேரமும் இருக்கும்.