புகையடுப்பு இல்லாமல், வீட்டு ஓவனில் டெக்சாஸ் முறை பிரிஸ்கெட் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஃபாயிலால் மூடி, 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் வைத்தும் இறைச்சி தோல் போல இழுபட்டது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஓவன் காரணமன்று. இறைச்சி உரிய பதத்துக்கு வருவதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டீர்கள். நான் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், பால்கனியில் விறகோ கரியோ மூட்ட அனுமதியில்லாத ஓர் அடுக்ககத்தில் வசிப்பதால், சில ஆண்டுகளாக மின்சார ஓவனில்தான் இதைச் செய்துவருகிறேன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுத் தசை. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது என்பதால், அது நிற்கும்போதும் நடக்கும்போதும் முன்னுடலின் பாரம் பெரிதும் இந்தத் தசைகளின் மேல்தான் இறங்குகிறது. அவ்வளவு உழைக்கும் தசையில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு அடர்த்தியாக இருக்கும். ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பு நமக்குத் தெரியும். கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறியதன் அடையாளம் அது. பிரிஸ்கெட்டிலும் அதே மாற்றம் நடந்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், தசைநார்கள் 60 டிகிரியைத் தாண்டும்போதே சுருங்கி நீரைப் பிழிந்துவிடுகின்றன. கொலாஜனோ 70 டிகிரிக்கு மேல்தான் கணிசமாகக் கரையத் தொடங்குகிறது, அதற்கும் மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியில் எடுக்கப்படும் இறைச்சி வெந்திருக்கும், ஆனால் இளகியிருக்காது. உங்களுடையது அநேகமாக அந்த நிலையில்தான் இருந்திருக்கிறது. உட்புற வெப்பம் 93 முதல் 96 டிகிரிக்குள் வரும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் கட்டாயம் தேவை; கடிகாரத்தை மட்டும் நம்பி பிரிஸ்கெட் செய்ய இயலாது.

வாங்கும்போது மேல் கொழுப்பை முழுவதும் வழித்தெடுக்காத துண்டாகக் கேளுங்கள். முழு பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்: தட்டையாகவும் கொழுப்புக் குறைவாகவும் இருப்பது ஃபிளாட், தடித்துக் கொழுப்போடியிருப்பது பாயின்ட். வீட்டுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும்; பாயின்ட்டின் ஒரு பகுதியும் அதில் சேர்ந்திருந்தால் நல்லது. மேல் கொழுப்பை அரை சென்டிமீட்டர் தடிமன் மட்டும் விட்டுச் சீவிவிடுங்கள்.

மசாலா என்று பெரிதாக எதுவும் வேண்டாம். மத்திய டெக்சாஸின் இந்தச் சமையல் மரபு, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய கசாப்புக் கடைகளில், விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையிட்டு விற்ற வழக்கத்திலிருந்து வளர்ந்தது. லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் என்னும் இறைச்சிக் கடை நெடுங்காலம் சாஸோ முள்கரண்டியோ தராமல், இறைச்சியைக் காகிதத்தில் வைத்தே கொடுத்துவந்தது. கல்லுப்பும் கரகரப்பாக உடைத்த மிளகும் போதும் என்பதே இங்குள்ளவர்களின் நம்பிக்கை. என் கருத்தும் அதுதான். கிலோவுக்குப் பத்து கிராம் உப்பை முந்தைய இரவே தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே இறங்குவதோடு மேற்பரப்பும் உலர்ந்துவிடும். ஓவனில் வைப்பதற்கு முன் மிளகைத் தாராளமாக அப்புங்கள்.

ஓவனை 120 டிகிரிக்கு (ஃபாரன்ஹீட்டில் 250) வைத்து, ஒரு தட்டின் மேல் கம்பி வலையை வைத்து, அதன்மீது கொழுப்புப் பக்கம் மேலிருக்கும்படி இறைச்சியை வையுங்கள். மூடக் கூடாது. தொடக்கத்திலேயே மூடிவிட்டால், பார்க் என்று இங்கே சொல்லப்படும் அந்தக் கரிய, மொறுமொறுப்பான மேலோடு உருவாகாது. ஆவியில் வெந்த இறைச்சிதான் கிடைக்கும். விசிறி உள்ள ஓவனாக இருந்தால் அதை ஓடவிடுங்கள், மேலோடு விரைவில் உலரும்.

மூன்று மணி நேரம் வரை தெர்மாமீட்டர் சீராக ஏறும். பிறகு 65க்கும் 75க்கும் இடையில் எங்கேனும் நின்றுவிடும். முதல்முறை எனக்கு அது 69இல் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 69. இன்னும் அரைமணி கழித்து, 70. ஓவன்தான் பழுதாகிவிட்டது என்று எண்ணி வெப்பத்தை 200க்கு ஏற்றிவிட்டேன். மேலே கருகியது, உள்ளே பல்லுக்கு இடம் கொடுக்காமல் இருந்தது. இந்த நிலையை இங்கே ஸ்டால் என்பார்கள். இறைச்சியிலிருந்து வெளிவரும் ஈரம் ஆவியாகும்போது, வியர்வை நம் உடலைக் குளிர்விப்பது போல அதன் மேற்பரப்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. ஓவன் கொடுக்கும் வெப்பமும் ஆவியாதல் எடுத்துச் செல்லும் வெப்பமும் சமமாகிவிடுவதால் உள்வெப்பம் ஏறுவதில்லை. ஆகவே பதற வேண்டியதில்லை. மேலோடு கறுத்து, விரல் நகத்தால் கீறினாலும் மிளகு உதிராத நிலைக்கு வந்ததும், இறைச்சியை இரண்டடுக்கு ஃபாயிலில் இறுக்கமாகப் பொதிந்து மீண்டும் உள்ளே வையுங்கள். ஆவி வெளியேற வழியில்லாததால் வெப்பம் மறுபடி ஏறத் தொடங்கும். மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசாத புட்சர் பேப்பர் (இறைச்சி பொதியும் தாள்) கிடைத்தால் மேலோடு ஊறிப்போகாமல் இருக்கும், ஆனால் நேரம் சற்றுக் கூடும்.

பொதிந்தபின் மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். 93ஐ எட்டியதும் ஃபாயிலின் மேலாகவே ஃபிளாட்டின் தடித்த பகுதியில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்துங்கள். இளகிய வெண்ணெயில் இறங்குவது போலத் தடையின்றி இறங்க வேண்டும். எங்கேனும் தடுத்தால் இன்னும் அரைமணி நேரம் விடுங்கள். எண்ணைவிட இந்தத் தொடு உணர்வையே நான் நம்புகிறேன்.

எடுத்தவுடன் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் ஃபாயிலைத் திறந்து ஆவியை விட்டு, மீண்டும் மூடி, துண்டால் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ்பெட்டிக்குள் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வையுங்கள். உள்வெப்பம் 65 அளவுக்கு இறங்கும்போது சாறு கெட்டிப்பட்டு இறைச்சிக்குள்ளேயே தங்கும். சூட்டோடு வெட்டினால் அது முழுவதும் பலகையில் ஓடிவிடும்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள கடைகளில் போஸ்ட் ஓக் விறகின் புகையில் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் கிடந்த இறைச்சியின் மணம் மின்சார ஓவனில் வராது. வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் வராது. ஆனால் அந்த வளையம் எரியும் விறகிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் உண்டாவது. அதற்குச் சுவை இல்லை என்பதால் அதற்காக வருந்த வேண்டாம். மணத்துக்கு, மிளகோடு இரண்டு தேக்கரண்டி ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய ஒருவகை மிளகாய்த்தூள்) சேர்க்கலாம். லிக்விட் ஸ்மோக் உண்மையான விறகுப்புகையைக் குளிர்வித்து எடுப்பதுதான்; பொதியும்போது அரைத் தேக்கரண்டி தெளித்தால் போதும், மிஞ்சினால் மருந்து வாடை அடிக்கும்.

நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, பென்சில் தடிமனில் வெட்டுங்கள். பாயின்ட்டில் நார் வேறு திசையில் ஓடும் என்பதால் அங்கே பலகையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சரியான பதத்தில் வந்த துண்டை விரல் மீது தொங்கவிட்டால் இரு பக்கமும் வளைந்து தொங்கும், அறுந்து விழாது. லேசாக இழுத்தால் பிரியும். மிஞ்சியதைத் துண்டுபோடாமல், ஃபாயிலில் தேங்கிய சாற்றோடு சேர்த்து மூடிக் குளிரில் வைத்து, மறுநாள் மூடியபடியே 120 டிகிரியில் சூடாக்குங்கள்.