மண்ணியலில் முதுகலை: சிங்கப்பூரிலா, கோவையிலா, வேறு எங்காவதா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மண்ணியலில் முதுகலை படிக்க ஆசை. சிங்கப்பூரிலேயே முடியுமா? அம்மா கோயம்புத்தூருக்குப் போகச் சொல்கிறார்."

முதலில் கோவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறை நல்ல துறைதான், ஆனால் அங்கே முதுநிலையில் சேர வேளாண்மை சார்ந்த இளநிலைப் பட்டம் கேட்பார்கள். உங்களுக்கு அந்த வழி சரிவராது, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரில் மண்ணியலுக்கென்று தனித் துறை கிடையாது. அதற்காக மண் ஆராய்ச்சியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கரிமண் நிறைந்த சதுப்பு நிலங்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2015இல் புகைமூட்டத்தில் நாம் திணறினோமே, அதற்குப் பெரிய காரணம் இந்தோனேசியாவின் சுமத்ரா, களிமந்தான் பக்கத்துக் கரிமண்: ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி முழுசாக மக்காமல் கிடக்கும் தாவரக் கழிவு அது, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்ததும் உள்ளே காற்று புகுந்து மக்கத் தொடங்குகிறது, நிலம் அமிழ்கிறது, தீப்பிடித்தால் தரைக்கடியில் வாரக்கணக்கில் புகைகிறது. வேதியியல் படித்தவருக்கு இதைவிட நல்ல களம் அமையாது என்பேன்.

அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, எந்த மண், அதில் என்ன கேள்வி என்று முதலில் முடிவு பண்ணுங்கள். கரிமண், வெப்பமண்டலச் செம்மண் என்றால் இங்கேயே ஆய்வுவழிப் படிப்பு, இல்லாவிட்டால் செர்டாங்கில் இருக்கும் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம், நேரில் போய்ப் பேசிவிட்டே வரலாம். அடிப்படையிலிருந்து வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டுமென்றால் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம், அந்த ஊரில் உலக மண் அருங்காட்சியகமே இருக்கிறது, ஆனால் செலவு அதிகம்.

அப்புறம் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். "உங்கள் ஆய்வு மிகவும் பிடிக்கும், இடம் இருக்கிறதா" என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள், முக்கியமாகச் செய்முறைப் பகுதியை. உதாரணத்துக்கு, மண்ணின் கரிமத்தை (கார்பனை) அளக்கும் வாக்லி-பிளாக் முறை டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும்தான், உங்களுக்குப் பழகிய வேலை, ஆனால் கரிமம் மிகுந்த கரிமண்ணுக்கு அது ஒத்துவராது. அவர் எந்த முறையை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று இரண்டே வரியில் கேட்டு, நீங்கள் கையாளும் கருவிகளையும் சொல்லுங்கள்.

கைக்கும் மண் பழக வேண்டும். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகப் பிதுக்குங்கள்: 2.5 செ.மீ. வருவதற்குள் அறுந்தால் மணலும் வண்டலும் களியும் கலந்த இளக்கமான மண், 5 செ.மீ. தாண்டியும் நின்றால் களிமண். நேர்காணலில் இதைக் கேட்காவிட்டாலும் களத்தில் தினமும் வேண்டியிருக்கும்.

சேருவதற்கு முன் அந்தக் குழுவில் இப்போது படிக்கும் ஒருவரிடம் அவசியம் பேசுங்கள். எங்கே மாதிரி எடுக்கிறார்கள், அனுமதி கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தோனேசியாவில் வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், இரண்டாண்டுப் படிப்பில் அது பெரிய இழப்பு.