தண்ணீரை முழுவதும் மாற்றாதீர்கள், தீவனத்தைக் குறையுங்கள்

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் 60 லிட்டர் கண்ணாடி மீன் தொட்டி வாங்கி, அன்றே பத்து கப்பிகளையும் ஆறு நியான் டெட்ராக்களையும் விட்டேன். கடைக்காரர் சொன்னபடி தினமும் மூன்று வேளை தீவனம் போடுகிறேன். நான்கு நாளில் நீர் பால்போல் வெளுத்துவிடுகிறது. நீரை முழுவதும் இறைத்து, கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய்நீரில் நன்றாகக் கழுவி, அவர் கொடுத்த நீல மருந்தையும் ஊற்றுகிறேன். ஆனாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஏழு இறந்துவிட்டன. எங்கே தவறு?

பதில்: உங்கள் மீன்களுக்கு நோய் வந்திருப்பதாக நான் கருதவில்லை. அவை தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை ஓயாமல் வெளியேற்றுகிறது. உண்ணாமல் விட்ட தீவனம் அடியில் அழுகும்போதும் அதே அம்மோனியாதான் உண்டாகிறது. ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் படிந்து வளரும் நுண்ணுயிர்களில் ஒருவகை இந்த நஞ்சை நைட்ரைட்டாகவும், இன்னொருவகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால் நீரில் காற்று நிறைந்திருந்தாலும் மீன் மூச்சு வாங்கும். இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீங்களோ, சுத்தம் செய்வதாக எண்ணி, நான்கு நாளைக்கொருமுறை குளோரின் கலந்த நீரில் அவற்றைக் கழுவி அழித்துவிடுகிறீர்கள்.

அந்த நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் நீலமாக இருக்கும். பூஞ்சைத் தொற்றுக்கும் முட்டைகளைக் காக்கவும் தனிப் பாத்திரத்தில் பயன்படுத்த வேண்டிய அது, தொட்டியில் ஊற்றினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும். பெயரும் அளவும் அச்சிடாத குப்பியில் அதை நிரப்பி, எந்த நோய் என்று கேட்காமலே விற்பவரிடம் எந்த ஆலோசனையும் பெறாதீர்கள். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்பவருக்கு, இறந்த மீனுக்குப் பதில் வேறு மீன் வாங்க நீங்கள் திரும்பி வருவது வருமானம். வெளுத்த நீரை ஒரே இரவில் தெளியவைக்கும் திரவம் என்று அவர் அடுத்துக் காட்டப்போகும் குப்பியும் உங்களுக்குத் தேவையில்லை, ஏனென்றால் நீரில் கரைந்த உணவைத் தின்று பெருகும் வேறு பாக்டீரியாக்கள்தாம் அந்த வெண்மை. தீவனம் குறைந்தால் அது தானே அடங்கும். உயிருள்ள ஒன்றை விற்கும்போது அது எவ்வளவு வளரும், எவ்வளவு நீர் கேட்கும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இந்த வியாபாரத்தில் இல்லாதிருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து என் பொறுமை தீர்ந்துவிட்டது.

இன்றும் நாளையும் தீவனமே போடாதீர்கள். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். உடல் சூட்டைக் காக்க உணவை எரிக்க வேண்டிய தேவை இல்லாததால் அதற்குத் தேவைப்படும் அளவு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அதன்பின் தினம் ஒருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, தூளாக்கிய தீவனமாகப் போடுங்கள். உங்களைக் கண்டதும் கண்ணாடியை நோக்கி ஓடிவருவது பசியல்ல, பழக்கம்.

இன்று 15 லிட்டர், அதாவது நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். இவற்றை அளக்கும் நீர்ச் சோதனைப் பெட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரியும் நாளெல்லாம் அவ்வாறே செய்து, இரண்டும் இல்லாமல் போனபின் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுநீரின் சூடு தொட்டி நீரின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும். பஞ்சை, இறைத்தெடுத்த தொட்டி நீரிலேயே, அடைத்துக்கொண்டால் மட்டும், இரண்டுமுறை பிழிந்தால் போதும். காற்று பம்ப் இரவும் ஓடட்டும்.

குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். குளோரின் விஷயத்தில் அது சரி. ஆனால் சில குடிநீர் வழங்கலில் குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் பிணைந்த குளோரமைன் சேர்க்கிறார்கள். அது ஒருநாளில் போகாது, வாளியில் பல நாள் அப்படியே நிற்கும். சாதாரண குளோரின் நீக்கி மருந்து அதைப் பிரித்தாலும் குளோரினோடு பிணைந்திருந்த அம்மோனியா நீரில் தங்கிவிடும். நுண்ணுயிர் இல்லாத உங்கள் தொட்டியில் அதுவே அடுத்த சாவுக்குக் காரணமாகலாம். ஒருநாள் வைத்திருந்த குழாய்நீரை மட்டும் தனியே எடுத்து அம்மோனியா சோதனை செய்யுங்கள். அதில் அம்மோனியா தெரிந்தால் குளோரமைனைச் சந்தேகித்து, குளோரமைனையும் அம்மோனியாவையும் சேர்த்துக் கையாளும் என்று குப்பியிலேயே எழுதியிருக்கும் நீர்ப் பதமாக்கியை வாங்குங்கள். கிணற்று நீர் என்றால் இந்தக் கவலை இல்லை.

இறந்த ஏழுக்கு ஈடாக இப்போது புதிதாக எதையும் விடாதீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் சுழியத்தில் நின்றபின், முதலில் இரண்டு கப்பிகளை மட்டும் விட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே சோதனையைச் செய்து பாருங்கள்.