பழைய வெள்ளி ரூபாயின் நீலமும் ஊதாவும் இயற்கையாக வந்ததா, ஏற்றியதா?

மதுரையில் ஒருவர் 1917ஆம் வருட ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயை வானவில் நிறத்தோடு காட்டி, சாதாரண விலையைப்போல இரண்டு மடங்கு கேட்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசைக் கையில் வாங்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் நிறத்தை மறந்துவிட்டுத் தேய்மானத்தைப் பாருங்கள். மன்னரின் கன்னமும் கிரீடமும் மழுங்கியிருந்தால் அது பல கை மாறிய காசு. அப்படிப்பட்ட காசில் பள்ளங்களில் சாம்பல் கருப்பு தங்கும், மேடுகள் வெளுத்திருக்கும். மழுங்கிய கன்னத்தின் மேலேயே பளீரென்று மயில்கழுத்து நீலம் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது நிறங்களின் வரிசை. இந்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு, மேலே வெள்ளி சல்பைடு மெல்லிய படலமாகப் படிகிறது. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி நிறம் காட்டும்: முதலில் இளமஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். ரொம்பத் தடித்தால் கருப்பு. பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்ளே மெல்ல மங்கிக்கொண்டு போகும். மஞ்சளுக்கு அடுத்து இடையில் எதுவுமே இல்லாமல் நீலம் வெட்டினாற்போல் நின்றால் நல்ல அறிகுறி இல்லை.

பிறகு ஒற்றை பல்பின் கீழ் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தேயாத காசென்றால் ஒளி வண்டிச்சக்கரத்து ஆரங்கள்போல நிறத்துக்கு அடியில் சுற்றி வர வேண்டும். லென்ஸ் வைத்தால் நிறத்துக்குக் கீழே ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரிகிறதா? நம் வீடுகளில் புளியும் திருநீறும் போட்டு வெள்ளி தேய்ப்பது வழக்கம். காசுக்கும் அதே கதிதான். தேய்த்த காசு பிறகு தானாகவே நிறம் ஏறியிருக்கலாம், அதில் ஏமாற்று இல்லை. ஆனாலும் அதற்கு இரட்டை விலை கிடையாது.

நம்மூரில் அவசியம் பார்க்க வேண்டியது மன்னர் தலைக்கு மேலே உள்ள விளிம்பு. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிற்பாடு அராவி எடுத்த காசுகள் நிறைய உண்டு. பற்றுப்பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த சூட்டிலேயே அந்த இடத்தைச் சுற்றி நிறம் மாறும், அராவிய தடத்தை மறைக்கவும் நிறம் ஏற்றுவார்கள்.

சுத்தமான அசிட்டோனில் முக்கினால் சாயமும் பசையும் கரையும், சல்பைடு கரையாது. நிறம் போய்விட்டால் பூச்சு என்று உறுதி. போகாததால் மட்டும் இயற்கை என்று ஆகிவிடாது, கந்தகம் வைத்து அவசரமாக ஏற்றியதும் சல்பைடுதான். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், நகைக்கடைகள் இருக்கும் தெற்கு ஆவணி மூல வீதியில் காசை எடை போடச் சொல்லுங்கள். தேயாத ரூபாய் 11.66 கிராம் இருக்கும். சாதாரண ஜார்ஜ் ரூபாயின் விலையைக் கொடுங்கள், நிறத்துக்கென்று தனியாக ஒரு பைசா கொடுக்காதீர்கள்.