சர்வர் மாற்றிய பின் தரவு இறக்குமதியில் வரும் பிழைகள்: கேள்வி-பதில்

கேள்வி: பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளச் சர்வரில் எடுத்த டம்ப் கோப்பை, அதாவது தரவு முழுவதையும் கட்டளைகளாக எழுதிய நகலை, புதிய சர்வரில் ஏற்றினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சிதைந்து தெரிகின்றன. மீட்க முடியுமா?

எப்படிச் சிதைந்திருக்கின்றன என்பதைத் திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பைட்டுகளை 0-9, A-F குறிகளால் காட்டும் ஹெக்ஸ் சார்பைப் பயன்படுத்தி, அந்தப் புலத்தில் உண்மையில் எந்த பைட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள்; ‘கி’ போன்ற உயிர்மெய்யில் இரண்டு குறிகள் இருக்கும். ‘அ’ என்பது இ0ஏஇ85 (திரையில் E0AE85). தமிழில் எழுதிய பெயர் எதுவானாலும் இ0ஏஇ என்றே தொடங்கும். அப்படித் தொடங்கி, புலத்தின் குறியாக்கமும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) என்று இருந்தால் தரவு நலமாக இருக்கிறது. செயலிக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பின் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினாலே போதும். 3எஃப் (3F) என்று வரிசையாக வந்தால் அவை கேள்விக்குறிகள். மூல எழுத்து அங்கே இல்லை என்பதால் பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

சி3ஏ0 (C3A0) என்று தொடங்கினால் தரவு இருமுறை குறியாக்கம் ஆகியிருக்கிறது. பழைய செயலி, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியாக்க இணைப்பின் வழியே தமிழ் பைட்டுகளை லத்தீன்1 அட்டவணையில் போட்டு வைத்திருக்கும். டம்ப் எடுக்கும் நிரல் அவற்றை லத்தீன் எழுத்துகள் என்று நம்பி, யூடிஎஃப்-8க்கு இன்னொரு முறை மாற்றியிருக்கும். பழைய சர்வர் இன்னும் கையில் இருந்தால், இணைப்புக் குறியாக்கத்தை லத்தீன்1 என்று குறிப்பிட்டு டம்ப்பை மறுபடி எடுத்து, கோப்பில் உள்ள குறியாக்கப் பெயர்களை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி ஏற்றுவதே சுத்தமான வழி. அந்தச் சர்வரை நிறுத்திவிட்டீர்கள் என்றால், புலத்தின் மதிப்பை முதலில் லத்தீன்1 ஆகவும், பிறகு பைனரியாகவும், கடைசியில் யூடிஎஃப்8எம்பி4 ஆகவும் மாற்றும் அப்டேட் கட்டளையை எழுதலாம். அதற்கு முன் அட்டவணையை நகலெடுத்துக்கொள்ளுங்கள். கட்டளையை சி3ஏ0 என்று தொடங்கும் வரிசைகளுக்கு மட்டுமே கொடுங்கள். சரியாக இருக்கும் வரிசைகளில் அது ஓடினால் அவையும் கெட்டுவிடும்.

கேள்வி: ‘0000-00-00’ என்ற தேதிகள் டம்ப் கோப்பின் வழியே சிக்கலின்றி ஏறுகின்றன, அதே தரவை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாக ஏற்றினால் பிழை 1292 வருகிறது. ஏன்?

டம்ப் எடுக்கும் நிரலான மைஎஸ்கியூஎல்டம்ப், தான் எழுதும் கோப்பின் தலைப்பகுதியிலேயே சர்வரின் விதிகளைத் தீர்மானிக்கும் எஸ்கியூஎல் மோடை மாற்றி, அந்த இணைப்புக்குக் கண்டிப்பு விதிகளை நீக்கிவிடுகிறது. சிஎஸ்வியில் அப்படி எதுவும் இல்லாததால், மைஎஸ்கியூஎல் 5.7 முதல் இயல்பாகவே நடப்பில் உள்ள கண்டிப்பு விதிகள் சுழியத் தேதியை மறுக்கின்றன. சர்வர் முழுவதற்கும் அந்த விதியைத் தளர்த்தும்படி பலரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதன் பிறகு நுழையும் தவறான தேதிகளையும் தடுக்க ஆள் இருக்காது. லோட் டேட்டா கட்டளையில் தேதியை ஒரு மாறியில் வாங்கி, நல்இஃப் சார்பின் மூலம் சுழியத் தேதியை ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) ஆக்கி ஏற்றுங்கள். அந்தப் புலம் ‘நல்’ ஏற்கும்படி இருக்க வேண்டும். டம்ப்பின் வழியே ஏறிவிட்ட சுழியத் தேதிகளையும் இப்போதே திருத்திவிடுவது நல்லது. பின்னாளில் அட்டவணையின் அமைப்பை மாற்றும்போது அவை இதே பிழையைக் கொடுக்கும்.

கேள்வி: பெரிய கோப்பு பாதியில் பிழை 1153 என்று நின்றுவிடுகிறது.

ஒற்றைக் கட்டளையின் அளவு, மேக்ஸ் அலவ்ட் பாக்கெட் வரம்பைத் தாண்டுகிறது. மைஎஸ்கியூஎல் 8.0இல் சர்வரின் இயல்பு வரம்பு 64 எம்பி, கட்டளைவரி கிளையண்ட்டின் வரம்பு 16 எம்பி. இரண்டு பக்கமும் உயர்த்துங்கள்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் 8.0இலிருந்து அதையொத்த மரியாடிபி தரவுத்தளத்துக்கு மாறுகிறோம். பிழை 1273, கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதித் தொகுப்பு) தெரியவில்லை என்கிறது. பெயரை மாற்றினால் போதுமா?

கோப்பில் உள்ள யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்பதை யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றினால் அந்தப் பிழை போய்விடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னது சொல்லின் கடைசியில் உள்ள இடைவெளியை ஓர் எழுத்தாகக் கணக்கில் எடுக்கும். பின்னது ஒப்பிடும்போது அதைப் பொருட்படுத்தாது. அதனால் பழைய சர்வரில் வெவ்வேறாக இருந்த இரண்டு மதிப்புகள் இங்கே ஒன்றாகி, ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத யுனிக் இண்டெக்ஸில் பிழை 1062 எழலாம். மூலத் தரவில் அந்த இடைவெளிகளை முதலில் நீக்கி, அதனால் ஒன்றாகிவிடும் மதிப்புகளையும் சரிசெய்துவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் காப்பி கட்டளையால் சிஎஸ்வி முழுவதையும் ஏற்றியாயிற்று. புதிய பதிவு சேர்த்தால் பிரைமரி கீ (பதிவை அடையாளம் காட்டும் தனித்த ஐடி எண்) ஏற்கெனவே இருப்பதாகப் பிழை வருகிறது. சில அட்டவணைகளில் சில முறை முயன்றதும் தானாகச் சரியாகிவிட்டது!

சரியாகவில்லை. ஐடி எண்கள் கோப்பிலேயே இருந்ததால் அவற்றை வழங்கும் சீக்வென்ஸ் நகரவே இல்லை; அது இன்னும் 1இலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. சேர்ப்பு தோற்றாலும் சீக்வென்ஸ் ஓர் எண்ணைச் செலவழித்துவிடும், மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக் அதைத் திருப்பித் தராது. ஆகவே நீக்கப்பட்ட பழைய பதிவின் காலியான எண் வரும்போது சேர்ப்பு வெற்றி பெறும். அடுத்த எண்ணில் மறுபடி மோதும். செட்வால் சார்பைக் கொண்டு, ஒவ்வோர் அட்டவணையின் சீக்வென்ஸையும் அதன் மிகப் பெரிய ஐடி எண்ணுக்கு நகர்த்துங்கள். செயலியைத் திறந்துவிடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பழைய இடைவெளிகளில் நுழைந்த புதிய பதிவுகள், ஐடி வரிசையை நம்பும் அறிக்கைகளில் பழைய பதிவுகளாகவே தெரியும்.