கேளுங்கள், சொல்கிறேன்: சாதிலிங்கச் சுவரும் கரிச்சட்டியும்

கேள்வி: வார்னிஷ் டப்பா கிடைக்காத காலத்தில் சுவரில் தீட்டிய வண்ணத்தை எப்படிக் காப்பாற்றினார்கள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ரோமாபுரிக் கதை ஒன்று சொல்கிறேன், அம்மா. ஃபாபெரியஸ் என்று ஓர் எழுத்தர். அவென்டைன் குன்றில் இருந்த தன் வீட்டில், தூண் வரிசை முற்றத்துச் சுவர் முழுக்கச் சாதிலிங்கச் சிவப்பைப் பூச வைத்தார். அன்றைக்கு அது விலை கூடிய வண்ணம். பந்தாப் பேர்வழி போல! 30 நாளில் சுவர் திட்டுத் திட்டாக அசிங்கமாகி, வேறு வண்ணம் அடிக்க வேண்டியதாயிற்று. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. வெளிச்சம் பட்டால் கறுக்கும். திறந்த முற்றம் வேறு, கேட்கவா வேண்டும்?

இதை எழுதிவைத்தவர் கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். மருந்தும் அவரே சொல்கிறார். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, வெளுத்த தேன்மெழுகைக் கொஞ்சம் எண்ணெயோடு உருக்கி முரட்டுத் தூரிகையால் பூச வேண்டும். அப்புறம் இரும்புச் சட்டியில் கரி நெருப்பைப் போட்டுச் சுவருக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மெழுகு வியர்த்து, இளகி, சமமாகப் படியும். கடைசியில் மெழுகுவத்தியாலும் சுத்தமான லினன் துணியாலும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கிரேக்கர்கள் பளிங்குச் சிலைக்கும் இதைத்தான் செய்தார்கள், பெயர் கனோசிஸ். இப்படிப் பூசிவிட்டால் வெயிலோ நிலவொளியோ நிறத்தை நக்கி எடுக்காது என்கிறார். பாவம், நிலா மேலும் பழி! மெழுகு வெளிச்சத்தை முழுக்கத் தடுக்காது. ஆனால் ஈரத்தையும் உப்புக் காற்றையும் ஒதுக்கிவைக்கும். சாதிலிங்கம் கறுப்பதில் உப்புக்கும் பங்கு உண்டு.

கேள்வி: தாத்தா காலத்துப் பலகை ஓவியம் மங்கிப்போய் இருக்கிறது. நல்லெண்ணெய் தடவலாமா, ஆளிவிதை எண்ணெயா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் வேண்டாம், ஐயா. நல்லெண்ணெய் சரியாகக் காயாது, தூசியைத்தான் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை இழுத்துத் தோல் மாதிரி இறுகிவிடும்; போகப் போக மஞ்சளாகும், எடுப்பது பெரும்பாடு. பிசினும் அப்படித்தான். 3,000 ஆண்டுக்கு முந்தைய எகிப்துச் சவப்பெட்டிகள் சிலவற்றில் பிஸ்தா இன மரப்பிசினைப் பூசினார்கள். வெள்ளையாக இருந்த பின்னணி இன்று மஞ்சளாகத் தெரிவது அதனால்தான்.

வண்ணம் உரியாமல் இருந்தால் மென்மையான, காய்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள், போதும். உரிந்திருந்தால் கையே வைக்காதீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே வேதியியல் பிரிவு உண்டு, அங்கே விசாரியுங்கள்.